ஐம்பத்தேழில் எடுத்த துடுப்பு: வயதானவர்களுக்கான கயாக் வழிகாட்டி

விழுந்தது பெரிய விஷயமே இல்லை. அலை இல்லை, காற்று இல்லை. பின்னால் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை எடுக்கத் திரும்பினேன், கயாக் என்ற அந்தச் சின்னத் துடுப்புப் படகு ஒரு பக்கமாகச் சரிந்தது, நான் உப்பங்கழிக்குள் இருந்தேன். கரை முப்பதடி தள்ளி. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்ததால் மிதந்தேன். கஷ்டம் அதற்குப் பிறகுதான். படகின் விளிம்பைப் பிடித்து எம்பினால் படகு என் மேலேயே கவிழ்ந்தது. நிமிர்த்தினேன், மறுபடி எம்பினேன், மறுபடி கவிழ்ந்தது. நான்காவது தடவைக்குப் பிறகு கையில் பலமே இல்லை. கரையில் நின்ற பயிற்சிப் பையன், "ஆன்ட்டி, படகை விடாதீங்க, பிடிச்சுக்கிட்டே காலை அடிச்சு வாங்க" என்று கத்தினான். சேற்றில் கால் பதிந்து எழுந்தபோது ஒரு செருப்பைக் காணோம்.

அப்போது நான் துடுப்பு போட ஆரம்பித்து நான்கு மாதம் ஆகியிருந்தது. நேராகப் போவேன், வளைவேன், நிறுத்துவேன். விழுந்தால் திரும்ப ஏறுவது எப்படி என்று யாரும் சொல்லித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. வங்கியில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள், கடன் கொடுப்பதற்கு முன்பே திரும்பி வரும் வழியைப் பார்த்தவள், இதை மட்டும் பார்க்காமல் விட்டேன்.

இப்போது எனக்கு 66. வாரத்தில் இரண்டு நாள் காலையில் தண்ணீரில் இருக்கிறேன். "இந்த வயசில் ஆரம்பிக்கலாமா?" என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆரம்பிக்கலாம். ஆனால் பாடத்தின் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். இருபது வயதுப் பையன் முதலில் துடுப்பு பழகி, பிறகு விழுந்து, எப்படியோ தவ்வி ஏறிவிடுவான். நமக்கு ஏறுவதுதான் முதல் பாடம்.

முதலில் உடம்பைக் கணக்குப் பாருங்கள்

டாக்டரிடம் போவதற்கு முன் வீட்டிலேயே மூன்று சோதனை. தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, சுவரையோ நாற்காலியையோ பிடிக்காமல் எழுந்திருக்க முடிகிறதா? ஒரு கையை மட்டும் ஊன்றி எழுந்தால் பரவாயில்லை. அடுத்து, காலை நீட்டி உட்கார்ந்து முதுகு நேராக ஐந்து நிமிடம் இருக்க முடிகிறதா? கயாக்கில் ஒரு மணி நேரமும் இதே உட்காரல்தான். தொடையின் பின்நரம்பு இழுத்தால் படகில் இன்னும் இழுக்கும். மூன்றாவது, இரண்டு கையையும் தோள் உயரத்துக்கு நீட்டி, இடுப்பு அசையாமல் மார்பை மட்டும் இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். தோளில் குத்தினால் முதலில் பிசியோதெரபிஸ்ட், அப்புறம் படகு.

டாக்டரிடம் கேட்க வேண்டியதை நேரடியாகக் கேளுங்கள். "கயாக் போகலாமா?" என்றால் பாதிப் பேர் சிரிப்பார்கள். "வெயிலில் ஒரு மணி நேரம் கை வேலை, தண்ணீரில் விழ வாய்ப்பு உண்டு, என் மாத்திரைகளுக்கு இது ஒத்துவருமா?" என்று கேட்டால் பதில் வரும். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரிய வைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வெயிலில் சீக்கிரம் தலை சுற்றும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களுக்குச் சிப்பி கீறினாலே ரத்தம் நிற்க நேரமாகும். சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்கள் ஜாக்கெட் பையில் குளுக்கோஸ் வைத்துக்கொள்ளாமல் கரையை விட்டு நகரவே கூடாது. கண்புரை அறுவை செய்து ஒரு மாதம்கூட ஆகாதவர்கள் கண் டாக்டர் சொல்லும்வரை பொறுங்கள்.

நீச்சல்? தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால், லைஃப் ஜாக்கெட்டோடு நீச்சல்குளத்தில் மிதந்து, முகத்தில் தண்ணீர் அடித்தாலும் பதறாமல் மூச்சு விடப் பழகிய பிறகு வாருங்கள். ஜாக்கெட் இருந்தாலும் பதற்றம் ஆளைக் கவிழ்த்துவிடும்.

படகு: அளவெடுத்துத் தைத்த சட்டை

கயாக் என்பது வடதுருவத்துப் பக்கம் வாழும் இனுயிட் மக்களின் சொல். கடலில் மிதந்துவந்த கட்டையிலோ திமிங்கில எலும்பிலோ சட்டம் கட்டி, அதன் மேல் கடல்நாய்த் தோலை இழுத்துத் தைப்பார்கள். ஒருவனுடைய படகு இன்னொருவனுக்குப் பொருந்தாது, ஏனென்றால் அவனவன் இடுப்பையும் கையையும் கொண்டுதான் அளவெடுத்தார்கள். அவர்கள் துடுப்புக்குச் சொல்லும் பழைய அளவு இன்னும் அழகு: இரண்டு கையையும் விரித்த நீளத்தோடு, முழங்கையிலிருந்து விரல்நுனி வரை. நம் கணக்கில் ஒரு பாகமும் ஒரு முழமும். கடல் ஆழத்தைப் பாகத்தில் சொல்லும் நம் கரைக்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

இன்று கடையில் கிடைப்பது இரண்டு வகை. மேலே உட்காரும் கயாக் கிட்டத்தட்ட நம் கட்டுமரம் மாதிரி: உள்ளே இறங்க வேண்டியதில்லை, தண்ணீர் ஏறினால் துளை வழியாகத் தானே வடியும், கவிழ்ந்தால் நிமிர்த்தி ஏறலாம். உள்ளே உட்காரும் கயாக்கில் காலை ஓட்டைக்குள் நுழைத்து உட்கார வேண்டும். வேகம் அதிகம், காற்றில் தடுமாறாது, ஆனால் கவிழ்ந்தால் உள்ளே தண்ணீர் நிறையும், ஏறுவதும் கடினம். அறுபதுக்கு மேல் ஆரம்பிப்பவருக்கு மேலே உட்காரும் வகைதான் என் சிபாரிசு. நீளம் பத்து முதல் பன்னிரண்டு அடி, அகலம் 75 சென்டிமீட்டரை ஒட்டி. இதைவிட அகலமானது ஆடாது, ஆனால் ஒவ்வொரு வீச்சுக்கும் கையை வெளியே நீட்ட வேண்டியிருக்கும், அந்தக் கூலியைத் தோள் கொடுக்கும்.

எடையை மறக்காதீர்கள். இந்த வகைப் படகு 20 முதல் 30 கிலோ வரும். தண்ணீரில் நான் காயப்பட்டது குறைவு. படகைத் தூக்கி வண்டிக்குக் கொண்டுபோகும்போது இரண்டு தடவை இடுப்பு பிடித்திருக்கிறது. இரண்டு சக்கரம் வைத்த தள்ளுவண்டி ஒன்று வாங்குங்கள், அல்லது வாடகைப் படகே போதும். முதல் ஒரு வருஷத்துக்கு யாரும் சொந்தப் படகு வாங்க வேண்டாம்.

முதுகு சாய்மானம் கட்டாயம். அதை நிமிர்த்தியே கட்டுங்கள், சாய்ந்துகொள்ள அல்ல, இடுப்புக்கு முட்டுக் கொடுக்க. கால் வைக்கும் இடத்தை முட்டி லேசாக மடங்கியிருக்கும்படி வையுங்கள். ஒரு பழைய துண்டைச் சுருட்டித் தொடைக்கு அடியில், முட்டிக்குக் கொஞ்சம் மேலே வைத்துப் பாருங்கள். கால் மரத்துப்போவது எனக்கு அன்றோடு நின்றது.

துடுப்புக்குச் செலவழியுங்கள்

பணம் இருந்தால் படகில் போடாதீர்கள், துடுப்பில் போடுங்கள். வாடகைக்குக் கொடுக்கும் அலுமினியத் துடுப்பு 1,200 கிராமாவது இருக்கும். ஃபைபரிலோ கார்பனிலோ செய்தது 800 கிராமுக்குள் கிடைக்கிறது. நானூறு கிராம் என்ன பெரிசு என்று தோன்றும். நிதானமாகப் போனாலே நிமிடத்துக்கு 45 வீச்சு. ஒரு மணி நேரத்துக்கு 2,700. ஒவ்வொன்றுக்கும் 400 கிராம் கூடுதலாகத் தூக்கினால் மொத்தம் ஒரு டன்னுக்கு மேல். அந்த ஒரு டன்னைச் சுமப்பது உங்கள் தோள்பட்டை.

அகலமான படகுக்கு 230 முதல் 240 சென்டிமீட்டர் நீளம் சரியாக இருக்கும். இலை, அதாவது துடுப்பின் இரண்டு நுனியிலும் தண்ணீரைத் தள்ளும் தட்டு, சிறியதாக இருக்கட்டும். பெரிய இலை அதிகத் தண்ணீரைத் தள்ளும் என்று கடைக்காரர் சொல்வார். உண்மைதான். அதிகத் தண்ணீரை அதே தோள்தான் தள்ள வேண்டும்.

மற்ற சாமான்கள் சுருக்கமாக. லைஃப் ஜாக்கெட்டைப் போட்டு, பக்கத்தில் இருப்பவரைத் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். காதுவரை வந்தால் பெரிது. பெண்களுக்கு முன்பக்கம் முட்டாத, வார்களால் பக்கவாட்டில் இறுக்கும் வகை வசதி. ஜாக்கெட்டில் கட்டிய விசில், மூன்று ஊதல் என்றால் ஆபத்து. கயிறு கட்டிய அகலத் தொப்பி. முழுக்கைச் சட்டை. குதிகாலில் வார் உள்ள செருப்பு (என் ஒற்றைச் செருப்பு இன்னும் அந்தக் கழியில்தான் இருக்கிறது). நீர்புகாத உறையில் போன், அதுவும் படகில் அல்ல, உங்கள் உடம்பில். மணிக்கு அரை லிட்டர் கணக்கில் தண்ணீர், திரும்பாமலே கை எட்டும் இடத்தில். மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கயிறு. சேலை, துப்பட்டா, தளர்ந்த வேட்டி எதுவும் வேண்டாம்.

விழுங்கள், ஏறுங்கள், மறுபடி விழுங்கள்

முதல் இரண்டு வகுப்பும் இதற்கே போகட்டும். நெஞ்சளவுத் தண்ணீர், சேறில்லாத தரை, பக்கத்தில் தெரிந்த ஒருவர். நீச்சல்குளம் கிடைத்தால் அதைவிட நல்ல இடம் இல்லை.

படகு கவிழ்ந்ததும் முதல் வேலை அதைப் பிடிப்பது. காற்று இருந்தால் வெறும் படகு நீங்கள் நீந்துவதைவிட வேகமாக ஓடிவிடும். துடுப்பு ஒரு கையில், படகு மறு கையில். அடிப்பக்கம் மேலே இருந்தால், குறுக்கே கையை நீட்டி அந்தப் பக்கத்து விளிம்பையோ கைப்பிடியையோ பிடித்து உங்கள் பக்கம் இழுங்கள், நிமிரும்.

இப்போது ஏறுவது. நான் செய்த தப்பு, நீச்சல்குளத்து விளிம்பில் எம்புவது மாதிரி நேராக மேலே எம்பியது. உடம்பு தண்ணீருக்குள் செங்குத்தாகத் தொங்கும்போது முழு எடையும் கைக்கு வரும், படகும் கவிழும். எம்பக் கூடாது, வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும். இருக்கைக்கு நேராகப் பக்கவாட்டில் நின்று, இரண்டு கையையும் படகின் குறுக்கே வையுங்கள். காலைப் பின்னால் நீட்டி, தவளை மாதிரி அல்ல, மேலும் கீழுமாக வேகமாக அடியுங்கள். கால் மேலே வரும், உடம்பு தண்ணீரின் மேல்மட்டத்தில் படுக்கும். அந்த நொடியில் படகை உங்கள் வயிற்றுக்குக் கீழே இழுங்கள். நீங்கள் படகின் மேல் ஏறுவதாக நினைக்காதீர்கள், படகை உங்களுக்கு அடியில் செருகுவதாக நினையுங்கள்.

தொப்புள் படகின் நடுவுக்கு வந்ததும் நிறுத்துங்கள். அப்படியே குறுக்கே கிடந்து இரண்டு மூச்சு. பார்க்கக் கரையில் ஒதுங்கிய சுறா மாதிரி இருக்கும், பரவாயில்லை. பிறகு மெதுவாகப் புரண்டு பிட்டத்தை இருக்கையில் வையுங்கள். இரண்டு காலும் இன்னும் தண்ணீரிலேயே, ஒரே பக்கமாகத் தொங்கட்டும். படகு அமைதியான பிறகு ஒவ்வொரு காலாக உள்ளே. வயிறு, பிட்டம், கால். இந்த வரிசையை நான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்வேன், இன்றும்.

இப்படியும் முடியாதவர்கள் இருப்பார்கள். எனக்கே குளிர்ந்த மழைக்காலக் காலையில் முடியாது. அதற்கு ஒரு மிதிவளையம் செய்துகொள்ளுங்கள். நான்கைந்து மீட்டர் தட்டையான நைலான் நாடா. ஒரு நுனியை அந்தப் பக்கத்துக் கைப்பிடியில் கட்டி, நாடாவைப் படகின் அடிவழியாக உங்கள் பக்கம் கொண்டுவந்து, மறு நுனியில் கால் தாராளமாக நுழைந்து வெளிவரும் அளவுக்கு வளையம் போடுங்கள். மிதிக்கும்போது நாடா அந்தப் பக்கத்து விளிம்பைக் கீழே இழுக்கும், அதனால் படகு உங்கள் மேல் சரியாது. கை செய்யவேண்டிய வேலையைத் தொடை செய்துவிடும். வளையம் எவ்வளவு தொங்க வேண்டும் என்பதைக் குளத்திலேயே பார்த்து முடிச்சுப் போட்டு வையுங்கள். மற்ற நேரத்தில் சுருட்டிக் கட்டியே இருக்கட்டும், தொங்கும் கயிறு காலில் மாட்டும்.

துணைக்கு இன்னொரு படகு இருந்தால் அவர் உங்கள் படகுக்கு அந்தப் பக்கம் வந்து ஒட்டி, விளிம்பை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தால் போதும். அதனால்தான் தனியாகப் போகாதீர்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் சொல்கிறேன். ஒரே காலைப்பொழுதில் மூன்று தடவை விழுந்து மூன்று தடவையும் ஏறிய பிறகே அடுத்த பாடம். மாதத்துக்கு ஒரு தடவை மறுபடி செய்து பார்க்க வேண்டும். போன வருஷம் ஏற முடிந்தது என்பது இந்த வருஷத்துக்குச் செல்லாது.

கரையில் ஏறுவதும் இறங்குவதும்

முட்டியளவுத் தண்ணீருக்குப் படகைக் கொண்டுபோங்கள். இருக்கைக்குப் பக்கத்தில் நின்று, பின்புறம் முதலில்: நாற்காலியில் உட்காருவது மாதிரி உட்கார்ந்து, பிறகு காலை எடுங்கள். ஒரு காலைப் படகில் வைத்து, மறு கால் தரையில் இருக்க நிற்பதுதான் எல்லா வேடிக்கை வீடியோக்களுக்கும் மூலம்.

இறங்கும்போது அவசரம் வேண்டவே வேண்டாம். ஒரு மணி நேரம் நீட்டி வைத்த கால் மரத்திருக்கும். இரண்டு காலையும் வெளியே போட்டு உட்கார்ந்தபடியே விரலை அசைத்து, பாதம் தரையை உணர்கிறதா என்று பார்த்த பிறகு எழுந்திருங்கள். என்னோடு வரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மூன்று வருஷத்தில் ஒருமுறைகூடத் தண்ணீரில் விழுந்ததில்லை. விழுந்ததெல்லாம் கரையில்தான்.

துடுப்பு கையில், வேலை இடுப்பில்

புதியவர்கள் எல்லோரும் கையால் இழுக்கிறார்கள். இருபது நிமிடத்தில் புஜம் எரியும், மறுநாள் தோள் தூக்காது. கை என்பது துடுப்பை உடம்போடு இணைக்கும் கொக்கி, அவ்வளவே.

துடுப்பைத் தலைமேல் வைத்து, முழங்கை இரண்டும் செங்கோணமாக மடங்கும்படி பிடியுங்கள். அதுதான் பிடியின் அகலம். அப்படியே நெஞ்சுக்கு முன்னால் இறக்குங்கள். இப்போது கைகள், துடுப்பு, நெஞ்சு மூன்றும் சேர்ந்து ஒரு பெட்டி மாதிரி இருக்கும். அந்தப் பெட்டி கலையக் கூடாது. வலப்பக்கம் துடுப்பு போட வேண்டுமானால் தொப்புளிலிருந்து மேலே மொத்த உடம்பும் திரும்பி, வலத் தோள் முன்னால் போகட்டும். இலையைக் கால்விரலுக்குப் பக்கத்தில் முழுதாக முக்குங்கள். முக்கிய பிறகு இழுங்கள், முக்கும்போதே இழுத்தால் தண்ணீர் தெறிக்கும், படகு நகராது. வலக் காலால் கால்தாங்கியை அழுத்தி, உடம்பைத் திரும்பவிடுங்கள். இலை இடுப்புக்கு வந்ததும் எடுத்துவிடுங்கள். இடுப்பைத் தாண்டி இழுப்பதால் வேகம் வராது, படகின் மூக்கு திரும்பும், தோள் பின்னால் முறுக்கும்.

மேல் கை கண் உயரத்துக்குப் போக வேண்டாம். பந்தயக்காரர்கள் துடுப்பைச் செங்குத்தாக நட்டுப் போடுவார்கள். நம் தோளுக்குத் தாழ்ந்த வீச்சே சரி: மேல் கை மார்பு உயரத்திலேயே இருக்கட்டும். பிடி தளர்வாக இருக்க வேண்டும். தள்ளும் கையின் விரல்களை ஒவ்வொரு வீச்சிலும் லேசாகத் திறந்து மூடுங்கள். இறுக்கிப் பிடிப்பவர்களுக்கு மணிக்கட்டில் வீக்கம் வரும், வந்தால் ஆறு வாரம் போகாது. நான் அனுபவித்தாயிற்று.

சரியாகச் செய்கிறீர்களா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி. முழங்கையை மடக்காமல், இரண்டு கையும் கட்டைபோல நேராக இருக்க, பத்து வீச்சு போடுங்கள். விநோதமாக இருக்கும், ஆனால் உடம்பு திரும்பினால்தான் படகு நகரும். பிறகு முழங்கையைத் தளர்த்தினால் அந்த அசைவு ஒட்டிக்கொள்ளும். மறுநாள் வலி விலாவிலும் வயிற்றிலும் இருந்தால் நல்லது. புஜத்தில் இருந்தால் திரும்பவும் பழகுங்கள்.

திருப்ப, இலையை அணியத்திலிருந்து பின்பக்கம் வரை அகலமாக அரைவட்டம் போடுங்கள். அணியம் என்பது படகின் முன்தலை, குப்பத்தில் கேட்டுக் கற்ற சொல். நிறுத்த, இடமும் வலமும் மாறி மாறிச் சின்னச் சின்னதாகப் பின்னோக்கிப் போடுங்கள்.

சரியும்போது தாங்கிக்கொள்ள ஒரு வீச்சு இருக்கிறது, அதை மட்டும் நன்றாகப் பழகுங்கள். முழங்கை மேலே, விரல்முட்டி கீழே, இலையின் முதுகால் தண்ணீரை ஓர் அறை, அதே நொடியில் இடுப்பால் படகை நிமிர்த்துதல். கையை உயரத் தூக்கித் தாங்கும் இன்னொரு முறையும் உண்டு. தோள்மூட்டு நழுவுவது பெரும்பாலும் அதில்தான். இளைஞர்கள் செய்யட்டும்.

காற்றைப் படிக்காமல் துடுப்பைத் தொடாதீர்கள்

வயதுக்கு ஈடாகக் கிடைத்த ஒரே சொத்து இதுதான்: காத்திருக்கத் தெரியும், வேண்டாமென்று திரும்பத் தெரியும்.

கிழக்குக் கடற்கரையில் கோடைக்காலக் காலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு மணிக்குக் காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகும். கரையோரத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். இந்தக் கண்ணாடியை நம்பிக் கடலுக்குள் போனால், முதுகில் தள்ளும் காற்றில் சுகமாக ஒரு கிலோமீட்டர் போய்விடுவீர்கள். திரும்பும்போதுதான் அது எதிர்க்காற்று என்று தெரியும். பிறகு வெயில் ஏற ஏற அது ஓய்ந்து, கடற்காற்று எழும். அது கரைக்குத் தள்ளும், ஆனால் அலையையும் எழுப்பும். கோவளம் பக்கத்து மீனவப் பெரியவர் ஒருவர் வலையைப் பிரித்துக்கொண்டே சொன்னார்: "போறப்ப தள்ளிவிடுற காத்து, வர்றப்ப கூட வராதும்மா." அன்றிலிருந்து நான் புறப்படுவது எதிர்க்காற்றில்தான். களைப்பு வரும்போது காற்று முதுகில் இருக்க வேண்டும்.

அலையின் தலையில் வெள்ளை நுரை அங்கங்கே பூக்க ஆரம்பித்தால் காற்று மணிக்கு 12 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது என்று கொள்ளுங்கள். எங்கு பார்த்தாலும் நுரை என்றால் 20-க்கு மேல். முதல் அடையாளத்திலேயே நான் திரும்புவேன். இரண்டாவதைக் கரையிலிருந்து பார்த்தால் படகை இறக்கவே மாட்டேன்.

முதல் நாள் இரவே வானிலைத் துறையின் மீனவர் எச்சரிக்கையைப் பாருங்கள். ஐதராபாதில் உள்ள இன்கோய்ஸ் நிறுவனம் அலை உயரத்தை முன்கூட்டியே சொல்கிறது. தெற்கே, குமரிக் கடற்கரையில் கள்ளக்கடல் என்று ஒன்று உண்டு. உள்ளூரில் காற்றே இருக்காது, ஆனால் தொலைதூரத் தென்கடலில் அடித்த புயலின் அலை பல நாள் பயணம் செய்து திடீரென்று கரையேறும். பெயர் வைத்தவன் சரியாகத்தான் வைத்தான். அந்த எச்சரிக்கை வந்த நாளில் கழிமுகத்துப் பக்கம்கூடப் போகக் கூடாது.

ஓதம், அதாவது கடல்மட்டம் ஏறி வற்றுவது, அதைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னைப் பக்கம் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஒரு மீட்டரை ஒட்டித்தான் வித்தியாசம். ஆனால் குறுகலான முகத்துவாரத்தில் அந்த ஒரு மீட்டர் தண்ணீர் முழுதும் நெருக்கிக்கொண்டு போகும். முகத்துவாரம் திறந்திருக்கும் காலத்தில் முட்டுக்காட்டுப் பாலத்துக்கு அடியில் வற்றத்தின்போது இழுப்பைப் பார்த்தால் புரியும். கழியில் எவ்வளவு அமைதியாக இருந்தாலும் பாலத்துக்குக் கிழக்கே நமக்கு வேலை இல்லை.

தூரத்துக்கு வங்கிக் கணக்கு. உங்கள் தெம்பை மூன்றாகப் பிரியுங்கள். ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, மூன்றாவது தொடக் கூடாத வைப்பு. ஒன்றரை மணி நேரம் தாங்குவேன் என்றால் அரை மணியில் திரும்ப வேண்டும், எதிரே எவ்வளவு அழகான நாரை நின்றாலும்.

எங்கே போவது

பழக, கழியும் ஏரியும்தான். சொந்தப் படகை இறக்க அனுமதி வேண்டுமா என்று அந்தந்த இடத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், ஊருக்கு ஊர் மாறும்.

பிச்சாவரம் எனக்குப் பிடித்த இடம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, சுரபுன்னைக் காட்டுக்குள் பின்னிப் பின்னிப் போகும் ஓடைகள். மரம் காற்றைத் தடுத்துவிடும், பல இடங்களில் தண்ணீர் இடுப்பளவே. ஆனால் ஓடை எல்லாம் ஒன்றுபோல இருக்கும், உள்ளூர் ஆள் இல்லாமல் நுழைந்தால் வழி தப்பும். வேரைப் பிடித்துப் படகை நிறுத்தாதீர்கள், ஒட்டியிருக்கும் சிப்பி உள்ளங்கையைக் கிழிக்கும். இன்னொன்று, சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் கொடுத்த தில்லை மரம் இந்தக் காட்டில்தான் இருக்கிறது. அதன் கிளை ஒடிந்தால் வடியும் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. முகத்துக்கு நேரே வரும் கிளையைக் கையால் ஒடிக்காமல், குனிந்து போங்கள்.

ராமேஸ்வரம் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வசதி. தென்மேற்குப் பருவக்காற்று காலத்தில் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும்போது பாக் நீரிணைப் பக்கம் அமைதியாக இருக்கும், வடகிழக்குப் பருவத்தில் நேர்மாறு. ஒரே ஊரில் கடலைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. பக்கத்தில்தானே இருக்கிறது என்று தீவில் போய்ப் படகை ஏற்றாதீர்கள்.

அண்ணன் மகன் ஒருநாள் போனில் அலெக்சாண்டர் டோபாவைக் காட்டினான். "பாருங்க அத்தை, எழுபது வயசில அட்லாண்டிக்கைக் கயாக்கிலே தாண்டியிருக்காரு." உண்மைதான். போலந்துக்காரர். மூன்று தடவை தாண்டினார், மூன்றாவது பயணம் 110 நாள், 2017 செப்டம்பரில் பிரான்ஸ் கரையைத் தொட்டபோது 71-வது பிறந்தநாளுக்குச் சில நாள்தான் இருந்தது. ஆனால் அவர் துடுப்பைத் தொட்டது முப்பத்து நான்கு வயதில். அட்லாண்டிக்குக்கு முன்னால் முப்பது வருஷம் தண்ணீரில் இருந்தவர். ஐம்பத்தேழில் ஆரம்பித்த நான் அவரைப் பார்த்து சந்தோஷப்படலாம், அளவெடுக்கக் கூடாது.

முதல் எட்டு வாரம்

முதல் இரண்டு வாரம் விழுந்து ஏறுவது மட்டும். மூன்றாவதும் நான்காவதும் வாரம் கரையோரமாக இருபது நிமிடம், நேராகப் போவதும் நிறுத்துவதும். ஐந்தாவதிலிருந்து வாரம் இரண்டு நாள், நடுவில் இரண்டு நாளாவது ஓய்வு, நேரத்தைப் பத்துப் பத்து நிமிடமாகக் கூட்டுங்கள். எட்டாவது வார முடிவில் ஒரு மணி நேரம், மூன்று நான்கு கிலோமீட்டர் போக முடிந்தால் நன்றாக வந்திருக்கிறீர்கள். முடியாவிட்டால் பத்தாவது வாரத்தில் முடியும். தோளில் கூர்மையான வலி வந்த நாளில் அன்றைய கணக்கை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

எங்கே இறங்குகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் காவலுக்கு 1093. இரண்டையும் போனில் மட்டுமல்ல, ஜாக்கெட்டின் உள்பக்கமும் எழுதி வைத்திருக்கிறேன்.

கரைக்கு வந்த பிறகு

படகையும் துடுப்பின் இணைப்பையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், உப்பு உறைந்தால் துடுப்பு பிரியாது. கை காலில் கீறல் இருக்கிறதா என்று பார்த்து, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மழைக்குப் பிந்தைய கழித்தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும், ஆறாத புண்ணோடு அந்த நாட்களில் இறங்கவே வேண்டாம். ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், தண்ணீரில் இருந்தேன் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். தேதி, காற்றுத் திசை, ஏற்றமா வற்றமா, எத்தனை நிமிடம், எங்கே வலித்தது. பழைய பேரேட்டுப் பழக்கம். போன வியாழக்கிழமைக்கு நேரே இப்படி இருக்கிறது: வாடை, லேசாக. வற்றம். 55 நிமிடம். வேண்டுமென்றே இரண்டு தடவை விழுந்தேன். முதல் தடவை வளையம் இல்லாமல் ஏறினேன், இரண்டாவதுக்கு வளையம். வலது கட்டைவிரல் கொஞ்சம்.